பாசேஜ் அலமாரிக்கு ஸ்லைடிங் கதவு நாமளே பண்ணலாமா?

வேளச்சேரி_வாசி:
வணக்கம் மக்களே. பழைய அபார்ட்மென்ட், ஹால்லேர்ந்து பெட்ரூம் போற பாசேஜ் மூணரை அடி அகலம்தான், அதுல ஒரு பக்கம் செவுத்துக்குள்ள ரெண்டு அடி ஆழத்துக்கு கடப்பா கல் தட்டு வச்ச அலமாரி, கதவு கிடையாது, இப்போதைக்கு ஸ்கிரீன் துணி தொங்குது. அகலம் 6 அடி, பரண் வரைக்கும் உயரம் 7 அடி. சாதாரண கதவு போட்டா தொறக்குறப்ப வழியே அடைபட்டுடும், அம்மா வாக்கர் வச்சு நடக்குறாங்க, அதனால ஸ்லைடிங்தான்னு இருக்கேன். வாங்கின கொட்டேஷன் எல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கு ரொம்ப மேல. டிரில்லிங் மெஷின், ரசமட்டம் இருக்கு, ஷெல்ஃப் மாதிரி சின்ன வேலை எல்லாம் பண்ணுவேன். டிராக் மேலயா கீழயா, எந்த ப்ளை, ஒரு கதவுல ஆளுயரக் கண்ணாடி ஒட்டலாமா? செஞ்சவங்க சொல்லுங்க.

மரத்தூள்:
தாராளமா பண்ணலாம் ப்ரோ. ஆனா ப்ளை, டிராக் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயம் பாருங்க, உங்க கடப்பா கல் செவுத்து விளிம்பு வரைக்கும் வந்து நிக்குதா? பெரும்பாலும் அப்படித்தான் வச்சிருப்பாங்க. ரெண்டு கதவு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஓடணும்னா டிராக்கோட சேத்து மூணரைலேர்ந்து 4 இஞ்ச் இடம் வேணும், அது உள்ள இல்லன்னா கல்லை வெட்டணும், செவுத்துல பதிச்ச கல்லை கிரைண்டர் போட்டு வெட்டினா வீடு பூரா தூசிங்கிறது ஒரு பக்கம், அதிர்வுல கல் விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கு, நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். அதுக்குப் பதிலா வெளிய, செவுத்து முகப்புல, 4 இஞ்ச் ஆழத்துக்கு ப்ளைல ஒரு ஃபிரேம் அடிச்சு கதவை அதுக்குள்ள ஓட விடுங்க. 42 இஞ்ச் பாசேஜ் 38 ஆகும், வாக்கர் சாதாரணமா 25 இஞ்ச் சுத்தி தான் இருக்கும், தாராளமா போகலாம். இருந்தாலும் அம்மாவோட வாக்கரை ஒரு தடவ டேப் வச்சு அளந்துருங்க.

கீழ ஓடுற டிராக்கே எடுங்க. மேல தொங்குற டைப் பாக்க அழகா இருக்கும், ஆனா மொத்த வெயிட்டும் பரணோட முன்விளிம்புல அடிச்ச ஸ்க்ரூவுல நிக்கும், பழைய வீட்டுல அந்தக் கான்கிரீட் எப்படி இருக்கும்னு நம்ப முடியாது. கீழ ஓடினா வெயிட் தரைக்குப் போயிடும், மேல கதவு சாயாம பிடிச்சுக்குற கைடு மட்டும்தான்.

முதல்ல டிராக் செட்டை வாங்கிட்டு வந்து வீட்டுல வச்சுக்கிட்டு, அதுல போட்டிருக்குற அளவை ஃபிரேம் உள் உயரத்துலேர்ந்து கழிச்சுத்தான் கதவு உயரத்தை முடிவு பண்ணணும், ஒவ்வொரு கம்பெனிக்கும் அது மாறும். அகலத்துக்குக் கணக்கு சிம்பிள், ஃபிரேமுக்கு உள்ள 1830 மில்லின்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏற 40 மில்லி சேத்து ரெண்டா வகுங்க, ஒரு கதவு 935. மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல அளங்க, ரெண்டு மூலைவிட்டமும் சமமா இருக்கணும்.

கோவை_பட்டறை:
மேல சொன்னது கரெக்டுங்க. ப்ளை பத்தி மட்டும் சொல்றேன். 7 அடி உயரக் கதவுக்கு 18 மில்லி ப்ளையை விட பிளாக் போர்டு (நடுவுல மரப்பட்டை அடுக்கி ரெண்டு பக்கமும் மெல்லிசா ஷீட் ஒட்டின பலகை) நல்லதுங்க, உள்ள இருக்குற பட்டை நெடுக்குவாக்குல வர்ற மாதிரி வெட்டுனா வளையறது கம்மி. ஆனா எதுவா இருந்தாலும் ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டியே ஆகணும், வெளிய 1 மில்லி, உள்ள லைனர்னு சொல்ற மெல்லிசு மைக்கா. உள்பக்கம் தெரியாதுன்னு பெயின்ட் அடிச்சு விட்டீங்கன்னா ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சு ஐப்பசி மழைக்கு கதவு வில்லா வளைஞ்சுக்கும், அப்புறம் ஒண்ணோட ஒண்ணு உரசும். நாலு ஓரமும் விடாம எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடுற பட்டி) ஒட்டுங்க, கீழ் ஓரத்தை நிறைய பேரு விட்டுடுறாங்க.

ஃபிரேம் தரையத் தொடுற எடத்துல 710 ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ப்ளை (தண்ணி தாங்குற மரைன் ப்ளை), அதுவும் நேரா டைல்ஸ் மேல வேண்டாங்க, கீழ ஒரு கிரானைட் பட்டி ஒட்டி அதுக்கு மேல நிறுத்துங்க, வீடு துடைக்கிற தண்ணி ஏறாது. 8க்கு 4 ஷீட்ல ஒரு கதவுதான் வரும், ரெண்டு ஷீட் வாங்கணும், மிச்சம் விழுற பட்டை ஃபிரேமுக்கு ஆகும்னு நெனைக்காதீங்க, அதுக்கு 710 தனியா எடுங்க. கையால அறுக்காம பேனல் ஸா (பலகையை நேரா அறுக்குற பெரிய மெஷின்) வச்சிருக்குற ஜாப் ஒர்க் கடைல வெட்டி வாங்கிடுங்க, ஓரம் நேரா இல்லாத கதவை எந்த டிராக்கும் காப்பாத்தாது.

வேளச்சேரி_வாசி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்பதான் பாத்தேன், கல் விளிம்பு வரைக்கும்தான் இருக்கு, நாலு தட்டும். வெளி ஃபிரேம்தான் சரி. கண்ணாடி பத்தி யாராவது?

மரத்தூள்:
போடலாம், வெயிட்டைக் கணக்குல வச்சுக்கோங்க. 4 மில்லி கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, உங்க கதவு முழுக்கப் போட்டா கிட்டத்தட்ட 20 கிலோ, கதவே மைக்காவோட 25 கிலோவுக்கு மேல வரும். ரோலர் பாக்கெட்ல எத்தன கிலோ தாங்கும்னு போட்டிருக்கும், 45ன்னு கணக்கு வந்தா 60 தாங்குறதா வாங்குங்க. ஒரு அடி அகலத்துக்கு நெடுக்க ஒட்டினாலே ஆள் முழுசா தெரியும், வெயிட்டும் ஏழு கிலோவோட போயிடும். பின்னாடி சேஃப்டி ஃபிலிம் ஒட்டின கண்ணாடியா கேளுங்க, அம்மா கதவைப் பிடிச்சு நிக்க வாய்ப்பு இருக்கு, உடைஞ்சாலும் சில்லு சிதறாது. கண்ணாடி முன் கதவுல வரணும், பின் கதவுல ஒட்டினா முன் கதவு அது மேலயே போயிட்டு வரும். ஒட்டுறதுக்கு கண்ணாடிக்குன்னே வர்ற சிலிகான் வாங்குங்க, சாதாரண சிலிகான் பின்னாடி ரசத்தை அரிச்சு கறுப்புப் புள்ளி விழும்.