வைக்கோல் பரணை அறையாக மாற்றும்போது குறுக்கு விட்டத்தை அறுக்கலாமா?

கேள்வி:
எங்கள் பழைய ஓட்டு வீட்டில், தொழுவத்துக்கு மேலுள்ள வைக்கோல் பரண் பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கிறது. அதைப் படிக்கவும் படுக்கவும் ஏற்ற அறையாக மாற்ற எண்ணியுள்ளேன். தளத்தைத் தாங்கும் உத்திரங்கள் 4 மீட்டர் நீளமுள்ளவை. நடுவில் சற்றே தொய்ந்திருக்கின்றன. ஒன்றின் முனையில் மாவு போன்ற தூள் உதிர்ந்து கிடக்கிறது. கூரையின் குறுக்கே நெஞ்சு உயரத்தில் செல்லும் விட்டம் நடப்பதற்கு இடைஞ்சலாக இருப்பதால் அதை அறுத்துவிடலாம் என்றும், அவ்வளவு வைக்கோலைத் தாங்கிய பரண் இரண்டு பேரைத் தாங்காதா என்றும் மேஸ்திரி சொல்கிறார். இது சரிதானா?

மறுமொழி 1:
விட்டத்தில் ரம்பம் படவே கூடாது. ஓட்டின் எடை, கூரையைச் சாய்வாகத் தாங்கும் கைமரங்களின் வழியாக இறங்கும்போது அவற்றின் கால்கள் வெளிப்புறமாக விரியப் பார்க்கும். அப்படி விரியாமல் இழுத்துப் பிடித்திருப்பது இந்த விட்டம்தான். அதை எடுத்துவிட்டால், அன்றே ஒன்றும் தெரியாமல் போகலாம்; ஆனால் நாளடைவில் சுவரின் தலைப்பகுதி வெளியே சாயும். உயர்த்தி அமைப்பதானாலும், கட்டுமானப் பொறியாளர் கணக்கிட்டுப் புதிய பிணைப்பைப் பொருத்திய பிறகே பழையதைத் தொட வேண்டும்.

வைக்கோல் நடப்பதில்லை என்பதையும் மேஸ்திரியிடம் சொல்லுங்கள். வசிக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைக் கணக்கில் கொள்வது வழக்கம். அதோடு, காலடிக்குத் தளம் அதிராத விறைப்பும் வேண்டும். உத்திரத்தின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்காகும். உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்காகும். பழைய தொய்வைப் பொறுத்தவரை, அது நீண்டகாலச் சுமையில் மரம் ஏற்றுக்கொண்ட வடிவமாக இருக்கக்கூடும். ஜாக்கி வைத்து ஒரேயடியாகத் தூக்கி நிமிர்த்த முயலாதீர்கள்.

மறுமொழி 2:
அந்தத் தூளைப் பெருக்கிவிட்டு, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரங்கள் பாருங்கள். புதிதாக வெளிறிய தூள் விழுந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும். ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகள். எங்கள் வீட்டு உத்திரம் நடுவில் தட்டினால் கணீரென்றது. சுவரோரத்தில் கோணூசியைக் குத்தியபோது வெண்ணெயில் இறங்குவதுபோல் பாதி உள்ளே போய்விட்டது. மேலே உடைந்திருந்த ஒரே ஓட்டின் வழியாகப் பல ஆண்டுகள் கசிந்த நீரின் வேலை அது. ஆகவே முதல் செலவு ஓட்டுக்குத்தான்.

மறுமொழி 3:
கீழே மாடு கட்டியிருந்த சுவர்களில் கோமியத்தின் உப்பு ஊறியிருக்கும். அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் பூச்சு உப்பிப் பெயரும், சுண்ணாம்புச் சாந்தே நல்லது. பழைய வைக்கோல் தூசியில் பூஞ்சை இருக்கும் என்பதால், தகுந்த முகக்கவசம் இல்லாமல் பெருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று கோணூசியால் குத்திப் பார்த்தேன். தூள் உதிர்ந்த முனையில் இரண்டு விரற்கடை இறங்கியது, மற்றவை உறுதியாக உள்ளன. பொறியாளரை அழைத்திருக்கிறேன். விட்டம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதற்கு இப்பால் படிக்கும் மேசையும் அப்பால் கட்டிலும் போட்டுக்கொள்கிறேன், குனிந்து போய்ப் படுத்தால் போகிறது.