மூணு வாலுங்களை வச்சுக்கிட்டு முழிக்கிறேன், யோசனை சொல்லுங்க

குழு மக்களுக்கு வணக்கம். திருச்சி ஸ்ரீரங்கத்துல முதல் மாடியில வாடகைக்கு இருக்கோம். பசங்க மூணு பேர், 9, 7, 4 வயசு. மனைவிக்கு ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி வர்ற வாரமெல்லாம் இட்லி ஊத்தி, டிபன் கட்டி, ஒத்தை சாக்ஸைத் தேடி, மூணையும் வேன் ஏத்துறது நான்தான். அது பழகிடுச்சு.

பிரச்சனை சாயங்காலம் 5 மணிக்கு மேல. பெரியவன் கட்டில்லேருந்து குதிப்பான், அவனைப் பார்த்து நடுவுலவன், ரெண்டு பேருக்கும் அடியில சின்னவன். கீழ்வீட்டு ஓனரம்மா ‘மேல மாடு கட்டியிருக்கீங்களா’ன்னு கேட்டுட்டாங்க. கேட்டதுல தப்பில்ல.

அம்மா மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னா, காவிரியில தண்ணி ஓடுறப்ப மூணு பேரைப் பிடிக்க எனக்கு ரெண்டு கைதான். அண்ணா ஸ்டேடியம் நீச்சல்குளத்துல 4 வயசுக்காரனைச் சேர்த்துப்பாங்களா? இல்ல, மூணு பேரையும் ஒரே நேரத்துல எடுக்கிற சிலம்பம் மாஸ்டர் ஸ்ரீரங்கத்துக்குள்ளயே இருக்காங்களா? மொத்தமா மாசம் 2,000 ரூபாய் வரைக்கும் முடியும்.

சத்தம் கீழ போகாம இருக்க தரையில என்ன விரிக்கலாம்னும் சொல்லுங்க. கோரைப்பாய் போட்டேன், சுருட்டி குகை கட்டிட்டானுங்க.

போனைக் குடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. குடுத்துப் பார்த்தாச்சு, ஒரு போனுக்கு மூணு பேர் சண்டை.