அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார், டிரிப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கரிசல்காட்டுப்பெண் (ஞாயிறு, இரவு 11:40)

கோவில்பட்டி பக்கம் கிராமம். அப்பாவுக்கு 71 வயது, இரைப்பையில் புற்றுநோய், கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது. கீமோ நாலு தடவை போட்டார்கள், அதற்கு மேல் உடம்பு தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மார்ஃபின் மாத்திரையும் ஒரு சீட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதம் ஆகிறது.

அஞ்சு நாளாகச் சாப்பாடு சுத்தமாக நின்றுவிட்டது. அம்மா கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு போனால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார், கட்டாயப்படுத்தி ஊற்றினால் கடைவாயில் வழிந்து தலையணை நனைகிறது. அம்மா அழுகிறாள். சித்தப்பா தினமும் போன் போட்டு, ஒரு டிரிப்கூட போடாமல் பட்டினி போட்டே கொன்றுவிடுவீர்களா என்று கத்துகிறார். அத்தை ஒருத்தி வந்து, எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினால் சிரமப்படாமல் போய்விடுவார் என்று அம்மா காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கேட்டதில் இருந்து எனக்குக் கை நடுங்குகிறது.

இரவில் இரண்டு மணிக்கு மேல் முனகல் ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் நிற்பதில்லை. நேற்று, "அண்ணன் வந்திருக்காரு, நாற்காலியைப் போடு" என்றார். பெரியப்பா செத்து ஒன்பது வருசம் ஆகிறது. நானும் அம்மாவும்தான் மாறி மாறிப் பார்க்கிறோம். மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவா?

வேன்நர்ஸ் (திங்கள், காலை 5:55)

தங்கச்சி, மக்களைத் தேடி மருத்துவம் வண்டியில் வலி நிவாரணச் சிகிச்சைக்காக வீடு வீடாகப் போகிற நர்ஸ் நான். டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

முதலில் அந்த எண்ணெய்க் குளியல். அதற்குப் பேர் தலைக்கூத்தல், அது கொலை, வேறு வார்த்தை கிடையாது. அத்தையை அப்பாவோடு தனியாக விடாதீர்கள். "சிரமப்படாமல்" என்பதற்குத்தான் உங்கள் கையில் மாத்திரை இருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. பட்டினியாகக் கிடப்பதால் அவர் போகப்போவதில்லை. உடம்பு மூடிக்கொண்டு வருகிறது, அதனால் பசியே எடுக்காது. இந்த நிலையில் பாட்டில் பாட்டிலாக டிரிப் ஏற்றினால் அதை வெளியேற்ற இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தெம்பு இருக்காது, தண்ணீர் காலில் இறங்கி வீங்கும், நெஞ்சில் கோத்துக்கொண்டு மூச்சு இன்னும் சிரமமாகும். உங்களுக்கு எதாவது செய்தோம் என்ற திருப்தி கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது. வாய் வறட்சிதான் அவரை வாட்டும். சுத்தமான வெள்ளைத் துணியையோ பஞ்சையோ தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒரு மணிக்கு ஒரு தடவை உதடு, நாக்கு, கன்னத்து உள்பக்கம் துடைத்துவிடுங்கள், உதட்டில் துளி தேங்காய் எண்ணெய். இந்த வேலையை அம்மாவிடம் கொடுங்கள். ஊட்டுகிற கைக்கு ஊட்டாதே என்று மட்டும் சொன்னால் அந்தக் கை எங்கே போகும்?

எனக்கு இடிப்பது இரவு இரண்டு மணி முனகல். மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் நிற்கும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று எழுதி, நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்று இரவு 10 மணி வேளைக்கு இரட்டிப்பாக எழுதுவதுதான் பெரும்பாலும் வழக்கம். உங்கள் சீட்டில் என்ன இருக்கிறது, உண்மையில் எவ்வளவு உள்ளே போகிறது, இரண்டையும் சரிபாருங்கள். அதைக் கொடுத்தவர்களுக்கே போன் போடுங்கள், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மலம் எத்தனை நாளாகப் போகவில்லை என்பதையும் சொல்லுங்கள், இந்த மாத்திரை கட்டாயம் கட்டும், வயிற்று முனகல் பாதி அதனால்தான் இருக்கும்.

பெரியப்பா வந்தால் நாற்காலியைப் போட்டுவிடுங்கள். பயந்து அலறினால்தான் எங்களிடம் சொல்ல வேண்டும், சந்தோசமாகப் பேசிக்கொண்டிருந்தால் பேசட்டும்.

நாட்டாமை_2 (திங்கள், காலை 8:20)

வீட்டில் வைத்து வேடிக்கை பார்ப்பதற்கு இத்தனை விளக்கமா? எங்கள் மாமாவைக் கை விரித்த பிறகும் ஐ.சி.யூ.வில் சேர்த்து மூன்று வாரம் வைத்திருந்தோம். கடமை என்று ஒன்று இருக்கிறது. நாளைக்கு ஊர் கேட்கும்.

வைகைக்கரை (திங்கள், காலை 9:05)

நாட்டாமை சார், அந்த மூன்று வாரத்தில் மாமா யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினாரா? கோபத்தில் கேட்கவில்லை. ஊருக்குப் பயந்து நானும் அதைத்தான் செய்தேன். அம்மாவை மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டரில் பதினொரு நாள் வைத்திருந்தோம். குழாயைப் பிடுங்குகிறாள் என்று இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள், நான் போய் அந்த முடிச்சைத் தளர்த்திவிட்டு வருவேன், மாலையில் மறுபடி இறுக்கியிருக்கும். கடன் நாலு லட்சம், அதை அடைத்துவிட்டேன். முடிச்சு அப்படியே இருக்கிறது.

அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்தோம். கடைசி ராத்திரி தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், நாங்கள் மூச்சுத் திணறுகிறது என்று பதறி ஆம்புலன்ஸ் கூப்பிடப் போனோம். விழுங்க முடியாத எச்சில் தேங்கி வருகிற சத்தமாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்ததும் பாதி அடங்கிவிட்டது. மூச்சு அரை நிமிடம் நின்று மறுபடி வரும், கால் சில்லிட்டு முட்டியில் நீலம் பாயும். அப்போது உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்ற வரிசையில் நிற்பார்கள் பாருங்கள், அதை மட்டும் தடுத்துவிடுங்கள். விழுங்காதவர் வாயில் ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகும். பஞ்சில் தொட்டு உதட்டில் வைக்கச் சொன்னோம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நீங்களும் அம்மாவும் ஒரே நேரத்தில் விழித்திருக்காதீர்கள். சித்தப்பாவை வந்து ஒரு ராத்திரி உட்காரச் சொல்லுங்கள். போனில் கத்துகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் குரல் தானாகக் குறையும்.

கோர்ட்டுவாசல் (திங்கள், மதியம் 1:30)

"கடமை" என்று சொன்னவருக்காக ஒரு தகவல். பிழைக்க வழியில்லாத நோயாளிக்கு உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையை வேண்டாம் என்பது சட்டப்படி குற்றமில்லை, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. அதை நல்ல நினைவு இருக்கும்போதே இரண்டு சாட்சிகளோடு எழுதி வைக்கலாம், 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியதில் இருந்து நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும்.

உங்களுக்கு உடனடியாக வேண்டியது வேறு. வீட்டில் நடந்தால் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும். பார்க்காத நோயாளிக்குக் கையெழுத்துப் போட எந்த டாக்டரும் தயங்குவார், அதனால் பக்கத்து டாக்டர் ஒருவரை இப்போதே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரி ஃபைலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். பதிவுக்கு 21 நாள் அவகாசம் உண்டு, கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம்.

கரிசல்காட்டுப்பெண் (புதன், இரவு 9:35)

வேன்நர்ஸ் அக்கா, சீட்டைப் பார்த்தேன். இரவு 10 மணிக்கு இரண்டு மாத்திரை என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. அம்மா பகலில் பாதி, இரவில் ஒன்று என்று கொடுத்திருக்கிறாள். உடைத்த பாதிகள் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு காகிதத்தில் மடித்து இருந்தன, எண்ணினால் முப்பத்தெட்டு. போதை மருந்து, மூச்சை நிறுத்திவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்களாம். நான் கத்தவில்லை. கத்துகிற மாதிரி அவள் முகம் இல்லை.

போன் போட்டு எதையும் மறைக்காமல் சொன்னோம். நேற்று நர்ஸ் நேரில் வந்தார், டாக்டரிடம் பேசி அளவை மாற்றி எழுதிக் கொடுத்தார், ஆறு நாளாகக் கட்டியிருந்த மலத்துக்கும் வழி செய்தார். விழுங்க முடியாமல் போனால் தோலுக்கு அடியில் போடுகிற ஊசி இருக்கிறது, கூப்பிடுங்கள் என்று நம்பர் எழுதிக் காலண்டரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி அப்பா நாலரை வரைக்கும் தூங்கினார். அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சித்தப்பா வந்திருக்கிறார். வந்ததில் இருந்து டிரிப் பேச்சே எடுக்கவில்லை, பெரியப்பாவுக்குப் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். பஞ்சு நனைக்கக் கற்றுக்கொடுத்தேன், தாடி எல்லாம் ஈரமாக்குகிறார். பத்து மணி மாத்திரைக்கு நேரமாகிறது, அப்புறம் வருகிறேன்.