நாவல் வெளியிட 65,000 ரூபாய் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். கடலூர் முதுநகரில் கருவாடு காயவைத்து விற்கும் பெண்களை வைத்து ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். டெமி அளவில் 240 பக்கம் வரும். ஒரு பதிப்பகம் ஒரே வாரத்தில் "அருமை, வெளியிடுகிறோம்" என்று பதில் அனுப்பியது. நான் 65,000 ரூபாய் கட்ட வேண்டும். 300 பிரதி அச்சிட்டு எனக்கு 50 பிரதி தருவார்களாம். ஒப்பந்தத்தில் "அனைத்து மொழிகளிலும், அனைத்து ஊடகங்களிலும் நிரந்தர உரிமை பதிப்பகத்துக்கே" என்று ஒரு வரி இருக்கிறது. ஜனவரி புத்தகக் காட்சிக்குள் வர வேண்டுமானால் இந்த வாரமே கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்காரர் நகையை வைத்தாவது பணம் புரட்டுகிறேன் என்கிறார். போடலாமா?

முத்தியால்பேட்டை மெய்ப்பாளர் (புதுச்சேரி):

போடாதீர்கள் அம்மா. நகையும் வீட்டிலேயே இருக்கட்டும்.

பல வருடங்களாகப் பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் மெய்ப்பும் (அச்சுக்கு முன் பிழை திருத்துவது) பார்க்கிறேன். முதல் புத்தகக்காரர்கள் இப்படி ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவது வழக்கம். எல்லோரிடமும் முதலில் பணக் கணக்கைத்தான் சொல்வேன்.

உங்கள் நாவல் 15 பாரம், அதாவது பதினாறு பதினாறு பக்கமாக. விலை 300 ரூபாய் என்று வையுங்கள். கடைக்காரருக்கு 35, 40 சதவீதம் கழிவு போகும். எழுத்தாளருக்கு ராயல்டி வழக்கமாகப் 10 சதவீதம், அதாவது பிரதிக்கு 30 ரூபாய். மீதியில்தான் தாள், அச்சு, அட்டை, வடிவமைப்பு, கிடங்கு எல்லாம். பதிப்பாளர் தன் பணத்தைப் போட்டால் அதை எடுக்க அவரே புத்தகத்தை விற்றாக வேண்டும். அச்சாகும் முன்பே உங்களிடம் 65,000 வாங்கிவிட்டால் விற்க வேண்டிய அவசரம் அவருக்கு ஏது? 300 பிரதியும் விற்றால்கூட 10 சதவீதக் கணக்கில் உங்களுக்கு வருவது 9,000 ரூபாய்தான்.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் அந்த "நிரந்தர உரிமை" வரியின் மேல்தான். எழுதிய கணமே காப்புரிமை உங்களுடையது, பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் காலம் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளுக்கும் அது சொத்து. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவை ஒருமுறை படியுங்கள். உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, ராயல்டி எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எழுத்தாளரைக் காக்கிறது. நிரந்தரம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தக் காப்பு போய்விடும்.

பாரதி 1908 முதல் 1918 வரை எங்கள் ஊரில் வாழ்ந்தவர். அவர் இறந்த பிறகு அவருடைய பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை தனியாகக் கைமாறி, படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1949-இல் அரசு உரிமைகளை எடுத்துக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. ஒரே எழுத்தில் இத்தனை உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. அச்சு, மின்னூல், ஒலிநூல், திரைப்படம், ஒவ்வொரு மொழியிலும் மொழிபெயர்ப்பு. தமிழ் அச்சுரிமையை மட்டும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கொடுங்கள். நூலக ஆணையில், அதாவது அரசு நூலகங்களுக்கு வாங்கும்போது, போகும் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டு என்று எழுதி வாங்குங்கள். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஜனவரி அவசரத்துக்கும் பணியாதீர்கள். நவம்பர், டிசம்பரில் எங்கள் மேசையில் கோப்புகள் குவிந்து கிடக்கும். ராத்திரி முழுக்க விழித்து மெய்ப்புப் பார்ப்போம், இரண்டாம் மெய்ப்புக்கு நேரமே இருக்காது. நல்ல நாவல்கள் பிழையோடு வெளிவருவதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. பிப்ரவரி, மார்ச்சில் பதிப்பாளர்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். அப்போது அனுப்புங்கள்.

புத்தகக்கடை (நெய்வேலி):

மெய்ப்பாளர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சொந்தப் பணத்தில் புத்தகம் போடுவது தப்பே இல்லை. ஆனால் அப்படியென்றால் பதிப்பாளர் நீங்கள்தான், உரிமையும் பிரதிகளும் மொத்தமாக உங்களிடம் இருக்க வேண்டும். 300 பிரதி, 240 பக்கம், டெமி, 70 ஜிஎஸ்எம் தாள், லேமினேஷன் அட்டை என்று சொல்லி இரண்டு மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள், 65,000 நியாயமா என்று தெரிந்துவிடும். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (ஒவ்வொரு புத்தகத்துக்குமான அடையாள எண்) காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

விற்பதுதான் கஷ்டம். முதல் நாவலை எங்களைப் போன்ற கடைகள் முன்பணம் கொடுத்து எடுப்பதில்லை, விற்ற பிறகுதான் கணக்கு. எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சிக்கு வந்து, உங்கள் நாவலுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய நாவல்களை எந்த அரங்கில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கெடிலக்கரை:

இருவருக்கும் நன்றி. பணம் கட்ட முடியாது, அச்சுரிமை மட்டும் ஐந்து ஆண்டுக்குத் தருகிறேன் என்று எழுதினேன். "எங்கள் நடைமுறைக்கு ஒத்துவராது" என்று அன்றைக்கே பதில் வந்துவிட்டது. பிப்ரவரி வரை திருத்தப் போகிறேன். இடையில் கிண்டிலில் போட்டு வைக்கலாமா? அப்புறம், பதிப்பகத்துக்கு முழு நாவலையும் அனுப்புவதா?

முத்தியால்பேட்டை மெய்ப்பாளர்:

கிண்டில் இப்போது வேண்டாம். பல பதிப்பகங்கள் மின்னூல் உரிமையும் கேட்கும். கிண்டிலுக்கு மட்டுமே மின்னூலைத் தரும் திட்டமான கேடிபி செலக்டில் சேர்த்துவிட்டால் அந்த 90 நாளும் மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது.

நம்மிடம் முகவர் வழியாகப் போகும் பழக்கம் அநேகமாகக் கிடையாது, நேராகப் பதிப்பாளருக்கே எழுதலாம். ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், முடிவையும் சேர்த்து. கூடவே முதல் மூன்று அத்தியாயம். முழுப் பிரதி தயார் என்று ஒரு வரி. யூனிகோட் எழுத்துருவில் வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பினால் அவர்கள் கணினியில் எழுத்து உடைந்து போகும். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டிவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள். சுருக்கத்தை எழுதியதும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.