சான்றிதழைச் சரிபார்க்கலாம், குழுவில் போடலாமா?

புதுவயல் மில்: காரைக்குடி, புதுவயல், தேவகோட்டைப் பக்கம் ஆலை, கடை, தங்கும் விடுதி நடத்துறவங்களுக்கு ஒரு யோசனை. போலிச் சான்றிதழோடு வர்ற ஆளுங்களைப் பிடிக்க நமக்குள்ள ஒரு வாட்ஸ்அப் குழு. விண்ணப்பம் வந்ததும் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, ஆதார் நாலையும் படம் எடுத்துப் போட்டுடணும். ஒரு இடத்துல மாட்டினவன் அடுத்த வாசலுக்குப் போக முடியாது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

செக்காலை வக்கீல்: எனக்கு இருக்கிறது, அண்ணே. குழுவில் எண்பது பேர் ஒரு படத்தைப் பார்த்து அது போலியா அசலா என்று எப்படிச் சொல்வார்கள்? சான்றிதழ் கொடுத்தவர்தான் சொல்ல முடியும். படமோ எண்பது போன் கேலரியிலும் உட்கார்ந்து, அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடும். பிறகு நீங்களே அழிக்க நினைத்தாலும் முடியாது. அந்த நாலு தாளில் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, போட்டோ, ஆதார் எண் எல்லாம் இருக்கிறது. அடுத்தவன் பெயரில் கடன் வாங்க நினைப்பவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

புதுவயல் மில்: 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தானே சொல்ல வர்றீங்க? அதுக்கு விதிகளே 2025 நவம்பர்லதான் வந்துச்சு. நம்மளை மாதிரி ஆளுங்களுக்கான கடமைகள் அதுக்கப்புறம் 18 மாசம் கழிச்சு, 2027 மே மாசம்தான். 7ஆம் பிரிவுல வேலைவாய்ப்பு நோக்கத்துக்குச் சம்மதமே தேவையில்லைன்னும் இருக்கு.

செக்காலை வக்கீல்: அந்த உட்பிரிவைக் கடைசி வரை படியுங்கள். ‘பணியாளராக உள்ளவர்’ என்ற சொல் அதில் வருகிறது. வேலை கேட்டு வந்தவர் அதற்குள் வருவாரா என்பதில் வக்கீல்களிடமே இரண்டு கருத்து. அதே பிரிவு, ஒருவர் தானாகக் கொடுத்த தகவலைக் கொடுத்த காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. அவர் கொடுத்தது உங்கள் மில்லில் வேலை கேட்டு. குழுவில் போடுவது அந்தக் காரியம் ஆகாது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி வரை போகலாம். அது உச்சவரம்பு, அரிசி ஆலைக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று பூச்சாண்டி காட்ட மாட்டேன்.

பள்ளத்தூர் மருந்தகம்: வக்கீல் சார் பேசுவது ஒரு பக்கம். போலி ஆள் மாத்திரை மாற்றிக் கொடுத்தால் சாகிறது நோயாளி. எங்கள் தொழிலில் கறாராக இல்லாமல் முடியாது. டி.பார்ம் (மருந்தாளுநர் பட்டயப் படிப்பு) சான்றிதழை மட்டும் பார்த்து வேலைக்கு எடுப்பதும் தப்பு. தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. படிப்பு உண்மையாகவே இருந்தும் பதிவு காலாவதி ஆனவர் உண்டு.

செக்காலை வக்கீல்: நீங்கள் என் கட்சியைத்தான் பேசுகிறீர்கள். பார்க்க வேண்டியது பதிவு. அதற்கு அவருடைய பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க் எதற்கு?

தேவகோட்டை ஆபீஸ்: ரெண்டு பேருமே சரிபார்க்கிற வேலையைத் தொடவில்லை. அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ‘இஷ்யூடு’ என்று ஒரு பகுதி, அவரே ‘அப்லோடு’ செய்தவைக்கு ஒரு பகுதி என்று ரெண்டு உண்டு. பல்கலைக்கழகமோ தேர்வுத் துறையோ நேரடியாக ஏற்றியது முதல் பகுதியில் இருக்கும், அசலுக்குச் சமம். ரெண்டாவதில் இருப்பது அவர் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் பண்ணி ஏற்றினது. ஸ்கிரீன்ஷாட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. அவர் போனில், உங்கள் எதிரே திறக்கச் சொல்லுங்கள்.

பழைய பட்டங்கள் பல அதில் இல்லை. அப்போது பல்கலைக்கழகத் தேர்வாணையருக்கு எழுத வேண்டும். பெயர், பதிவெண், பட்டம், தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு, சான்றிதழ் எண், அதோடு அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம். கட்டணம் இருக்கும். முகவரியைச் சான்றிதழில் இருந்து எடுக்காதீர்கள். போலி அடிக்கிறவன் முகவரியையும் சேர்த்துத்தான் அடிப்பான். க்யூஆர் கோடும் அப்படியே. ஸ்கேன் செய்ததும் பச்சை டிக் வருகிறதே என்று நம்பாமல், மேலே எந்தத் தளத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

நம்ம பக்கத்துச் சிக்கல் இனிஷியல். சான்றிதழில் ‘பழ. ராம.’, ஆதாரில் முழுப் பெயர், பல்கலைக்கழகப் பதிவில் வெறும் ‘ப’. தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வரும். அது போலி என்று அர்த்தமில்லை. பதிவெண்ணை வைத்துத் திரும்பக் கேட்க வேண்டும்.

கண்ணாலேயே பிடிக்கக்கூடியதும் உண்டு. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 2018 மார்ச் வரை பன்னிரண்டாம் வகுப்பு 1200 மதிப்பெண், 2019 முதல் 600. 2015 என்று போட்டு 600க்கு மார்க் இருந்தால் நின்று கவனியுங்கள். கொரோனாவால் 2021ல் மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புக்கு ‘தேர்ச்சி’ மட்டும்தான், மார்க் கிடையாது. அந்த வருஷத் தாளில் மார்க் இருந்தால் சந்தேகம். மார்க் இல்லை என்று அந்த வருஷத்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது, அது அநியாயம்.

புதுவயல் மில்: எல்லாம் சரி. கடுதாசி போட்டு வாரக்கணக்கா உட்கார முடியுமா? அறுவடை சமயத்துல ஆள் இன்னைக்கே வேணும்.

செக்காலை வக்கீல்: இன்றைக்கே சேருங்கள். ‘கல்வித் தகுதி சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி போதும். விண்ணப்பித்த நாற்பது பேரிடமும் வாங்காதீர்கள், எடுக்கப் போகும் ரெண்டு பேரிடம் வாங்குங்கள். மூட்டை தூக்குபவரிடம் மார்க் ஷீட்டே கேட்க வேண்டாம். ஆதார் தேவைப்பட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகல். வாங்கும் ஜெராக்ஸின் குறுக்கே ‘இன்ன நிறுவன வேலைக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போடச் சொல்லுங்கள்.

ஒரிஜினலை வாங்கி பீரோவில் பூட்டும் பழக்கம் இங்கே நிறைய. அதற்கும் சரிபார்ப்புக்கும் சம்பந்தமில்லை, ஆள் ஓடிவிடக் கூடாதென்று வைத்துக்கொள்ளும் அடமானம் அது.

புதுவயல் மில்: முன்பணம் கொடுத்து ஏமாந்தவங்களைக் கேட்டா வேற மாதிரி சொல்வாங்க. போகட்டும், படத்தைப் போட வேண்டாம். மாட்டினவன் பேரை மட்டும் குழுவுல சொல்லலாம்ல?

செக்காலை வக்கீல்: ‘எங்களால் வழங்கப்படவில்லை’ என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தந்தால் போலீசில் புகார் கொடுங்கள். போலி ஆவணத்தை அசலென்று காட்டுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 340ஆம் பிரிவில் குற்றம். ‘பதிவு இல்லை’ என்ற பதிலை வைத்துப் பெயரைப் பரப்பிவிட்டு, பிறகு அது இனிஷியல் குழப்பம் என்று தெரிந்தால் அவதூறு வழக்கில் நிற்கப் போவது நீங்கள்.

பள்ளத்தூர் மருந்தகம்: பெயர் விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. மருந்துக் கடையில் மாட்டினவரைப் பற்றி மற்ற கடைக்காரருக்குத் தெரியத்தான் வேண்டும்.

செக்காலை வக்கீல்: கவுன்சிலுக்கும் எழுதுங்கள். பதிவு செய்வது அவர்கள், நடவடிக்கை எடுக்கிற இடமும் அதுதான்.

தேவகோட்டை ஆபீஸ்: சரிபார்த்த பிறகு நகல் எதற்கு? ஒரு நோட்டில் பெயர், பட்டம், எங்கே கேட்டோம், பதில் வந்த தேதி, கடித எண். அவ்வளவு போதும். வேலை கிடைக்காதவர்களின் தாள்களைக் கிழித்துப் போடுங்கள். எடைக்குப் போடாதீர்கள், அடுத்த வாரம் யாரோ ஒருவருடைய மார்க் ஷீட்டில் நாலு வெள்ளைப் பணியாரம் மடித்து வரும்.