குரங்குச்சாவடி – ஐந்து ரோடு: பஸ் பே போட்டா எல்லாம் தீர்ந்துடுமாம்!

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
பெங்களூர்ப் பக்கமிருந்து சேலத்துக்குள்ள நுழையற ரோட்டை எப்படி மாத்தணும்னு நம்ம "சுவர்ணபுரி வாசி" நேத்து ஒரு வரைபடம் போட்டார். குரங்குச்சாவடியில ஆரம்பிச்சு ஐந்து ரோடு வரைக்கும் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் பஸ் பே, அதாவது பஸ் ரோட்டை விட்டு ஒதுங்கி நிக்க உள்வாங்கின இடம். கீழே ஒரு வரி: "பஸ் பே போட்டால் பாதி நெரிசல் அன்றைக்கே தீரும்." கலர் பிரமாதம். ஸ்கேல் எங்கங்க?

பஸ் நிக்க 15 மீட்டர், உள்ளே வாங்கற ஆழம் 3 மீட்டர். நுழையற சரிவு 1:6ன்னா, அதாவது ஒரு மீட்டர் ஒதுங்க ஆறு மீட்டர் நீளம்னா, 18 மீட்டர், வெளியேற இன்னொரு 18. மொத்தம் 51 மீட்டர், ஒரே ஒரு பஸ்ஸுக்கு! பரப்பு 99 சதுர மீட்டர், அதாவது ரெண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. சுவர்ணபுரியில ரெண்டரை சென்ட் யார் தர்றாங்க, நீங்களா?

சுவர்ணபுரி வாசி:
நான் போட்டது கருத்துப்படம், டெண்டர் டிராயிங் இல்லை. இருந்தாலும் சொல்றேன், இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட விதிப்புத்தகம் ஐ.ஆர்.சி. 80-லயே பஸ் பே இருக்கு. சரிவு 1:8 விரும்பத்தக்கது, 1:6-க்குக் குறையக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. நீங்க படிச்ச அதே புத்தகம்தான்.

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
அட்டையைப் படிச்சீங்களா? ஐ.ஆர்.சி. 80 ஊருக்கு வெளியே போற நெடுஞ்சாலைக்கு, 1981-ல எழுதினது. பஸ் 80 கி.மீ. வேகத்துல வர்ற ரோட்டுல, பின்னாடி வர்ற லாரி மோதாம இருக்க ஒதுங்கி நிக்கச் சொன்ன விதி. ஐந்து ரோட்டுல சாயந்திரம் ஆறு மணிக்கு பஸ் என்ன வேகத்துல வருது? நடந்து போறவர் முந்திட்டுப் போறார்.

தட்டுவடை செட்:
😂 அதுவும் கையில பார்சலோட.

மாமாங்கம் மணி:
சிவில் சார் கணக்கு சரி, முடிவு தப்பு. பஸ் லேன்லயே நின்னா என்ன ஆகும்னு ஏன் சொல்லலை? ஒரு மணி நேரத்துக்கு 60 பஸ், ஒவ்வொண்ணும் 20 விநாடி நிக்குதுன்னு வச்சுக்குங்க. 1,200 விநாடி. மணிக்கு 20 நிமிஷம் ஒரு லேன் செத்துப் போச்சு. ஆம்புலன்ஸ் வந்தா எங்கே ஒதுங்கும்? மேம்பாலத் தூண் நடுவுல நிக்குது, அந்தப் பக்கமும் ஏற முடியாது. பஸ் பே இல்லாம முடியாதுங்க.

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
பே போட்டா மட்டும் டிரைவர் உள்ளே போவாரா? போனா திரும்ப லேனுக்குள்ள விட ஆள் இல்லைன்னு அவருக்குத் தெரியும். அதனால மூக்கை மட்டும் உள்ளே விட்டு, வாலை ரோட்டுல வச்சு குறுக்கா நிறுத்துவார். அந்த லேனும் அடைபடும், பக்கத்து லேன்ல பாதியும் அடைபடும். ஜனங்க கெர்ப்பை (நடைபாதை விளிம்புக் கல்லை) விட்டு இறங்கி ரோட்டுல நின்னு ஏறணும். காலியாக் கிடக்கற பேயில ரெண்டு ஷேர் ஆட்டோ, ஒரு இளநீர் வண்டி, ஒரு கார். உங்க 20 நிமிஷம் அப்படியே இருக்கும், கூட ரெண்டரை சென்ட் நஷ்டம்.

சுவர்ணபுரி வாசி:
அது போலீஸ் பிரச்சினை, டிசைன் பிரச்சினை இல்லை.

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
ஒவ்வொரு பேக்கும் ஒரு கான்ஸ்டபிள் நிக்க வச்சாத்தான் வேலை செய்யும்னா அது டிசைனே இல்லை. இன்னும் முடிக்கலை. சுவருக்குச் சுவர் 30 மீட்டர்னே வச்சுக்குவோம், அது தாராளம். தூணும் தடுப்பும் 3. மீதி 27, பக்கத்துக்கு பதிமூணரை. மூணு லேன் 10 மீட்டர். மிச்சம் மூணரை. அதுக்குள்ளதான் நடைபாதை, அதுக்கு அடியில மழைநீர் வடிகால், மின்கம்பம், கேபிள் பெட்டி, மரம் எல்லாம். இதுல 3 மீட்டர் பேக்குக் கொடுத்தா மிச்சம் அரை மீட்டர். நடைபாதைக்கான விதிப்புத்தகம் ஐ.ஆர்.சி. 103 தடையில்லாத நடை அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர் கேக்குது. அரை மீட்டர்ல கைக்குழந்தையோட ஒரு அம்மா எப்படிப் போவாங்க, பக்கவாட்டிலயா?

மாமாங்கம் மணி:
கடைக்காரங்க முன்னாடி நீட்டி வச்சிருக்கற படிக்கட்டு, தகர ஷீட், ஜெனரேட்டர் எல்லாத்தையும் எடுத்தாலே ஒண்ணரை மீட்டர் வரும். அதைச் சேர்த்தா நடைபாதை 2 மீட்டர். பஸ் பேயும் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
எடுங்க, வேண்டாம்னு யார் சொன்னா? அங்கேதான் இரட்டைக் கம்பத்து டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது. அதை நகர்த்த மின்வாரியத்துக்கு டெபாசிட் கட்டி, மாத்து இடம் காட்டி, கரண்ட் நிறுத்த நாள் வாங்கணும். பட்டா இடம்னா தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் 2001, பிரிவு 15(2) நோட்டீஸ், ஆட்சேபணை விசாரணை. ரோடு போட்ட அப்புறம் நோட்டீஸ் அனுப்பறதுதான் நம்ம ஊர் வழக்கம்.

கிச்சிப்பாளையத்தான்:
நிலம் எடுப்புன்னு சொல்லாதீங்க சாமி. சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை 277 கி.மீ.க்குக் கல்லு நட்டதே இன்னும் மறக்கலை.

மாமாங்கம் மணி:
அதை ஏன் இங்கே இழுக்கறீங்க? அது வயக்காடு, இது கடைவீதி.

கிச்சிப்பாளையத்தான்:
நிலம் நிலம்தாங்க. அப்ப ஆதரிச்சு எழுதினவங்க இப்ப படிக்கட்டை இடிக்க வர்றாங்க. நான் பேர் சொல்லலை.

சுவர்ணபுரி வாசி:
பேர் சொல்லுங்களேன்.

சிங்காநல்லூர்க்காரன்:
ஏனுங், எங்க கோயமுத்தூர்ல ரேஸ்கோர்ஸ் பாத்தீங்களா? நடைபாதை, உக்கார பெஞ்சு, விளக்கு எல்லாம் எப்படி இருக்குதுன்னு. நீங்க ஒரு பஸ் பேக்கே இவ்ளோ சண்டை போடறீங்.

தட்டுவடை செட்:
வந்துட்டாருய்யா! எல்லா விவாதத்துலயும் வந்து ரேஸ்கோர்ஸ் காட்டிட்டுப் போறவர். அது வாக்கிங் போற ரோடுங்க. அதுல எத்தனை டவுன் பஸ் ஓடுது?

சிங்காநல்லூர்க்காரன்:
பொறாமைக்கு மருந்தில்லீங்.

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
கோவைச் சண்டையை வேற விவாதத்துல வச்சுக்குங்க. பஸ் பேக்கு வருவோம். வடிகால் பத்தி யாரும் வாயே திறக்கலை. ரோட்டோட பக்கச் சரிவு 2.5 சதவீதம்னா 10 மீட்டருக்கு 25 செ.மீ. இறக்கம். பேயையும் அதே சரிவுல தொடர்ந்தா இன்னும் ஏழரை செ.மீ. தாழ்வு. தண்ணி மொத்தமும் ஜனங்க ஏறி இறங்கற கெர்ப் ஓரமே தேங்கும். பேயை எதிர்ச் சரிவா ரோட்டுப் பக்கம் சாய்ச்சு, ரெண்டும் சேர்ற கோட்டுல கம்பிச் சல்லடை போட்ட குழி வைக்கணும். அது டயர் ஓடற இடம், கனரகச் சல்லடை வேணும். சாதா சல்லடை போட்டா உடைஞ்சு, அதுக்குள்ள ஒரு மரக்கிளை நட்டு வச்சு "ஜாக்கிரதை"ன்னு விட்டுடுவாங்க.

அப்புறம் தார். பஸ் பிரேக் போடற இடத்துல தார் அலையலையா ஒதுங்கும். நின்ன இடத்துல சொட்டற டீசல் தாரைக் கரைச்சு ஜல்லியைப் பெயர்க்கும். சேலம் வெயிலைச் சொல்லவே வேண்டாம். கெட்டி ரகமான வி.ஜி. 40 தார் கொஞ்சம் தாங்கும், நிலைச்சு நிக்காது. அதனால நிறுத்தத்துல மட்டும் 150 மி.மீ. வறட்டுக் கான்கிரீட், மேல எம் 40 ரகக் கான்கிரீட் தளம். தாரும் கான்கிரீட்டும் சேர்ற விளிம்பை வெட்டி சீலன்ட் ஊத்தணும். இல்லாட்டி முதல் மழைக்கே அங்கே பள்ளம்.

சுவர்ணபுரி வாசி:
நீங்களே பஸ் பே எப்படிக் கட்டணும்னு பாடம் எடுத்துட்டீங்க. அப்ப கட்டலாம்தானே?

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
கான்கிரீட் தளம் லேன்லயே போடலாம். அதுக்கு பே எதுக்கு? நடைபாதையை லேன் வரைக்கும் நீட்டி நிறுத்தம் வைங்க. பஸ் நேரா வரும், நேரா போகும். நிழற்குடை நடைபாதையை மறைக்காது.

மாமாங்கம் மணி:
60 பஸ், 20 விநாடி. இதுக்கு இன்னும் பதில் வரலை.

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
வந்தாச்சு. 2020-ல மேம்பாலம் திறந்தாச்சு. நேரா போற கார் எல்லாம் மேல போகுது. கீழே இருக்கறது பஸ்ஸும் உள்ளூர் வண்டியும். நிறுத்தத்தை சிக்னலுக்கு முன்னாடி வைக்காம தாண்டி வச்சா, சிக்னல் விடற இடைவெளியிலயே பஸ் கிளம்பிடும்.

மாமாங்கம் மணி:
சிக்னலைத் தாண்டி மூணு பஸ் வரிசையா நின்னா மூணாவது பஸ்ஸோட வால் ஜங்ஷன் நடுவுல நிக்கும். ஐந்து பக்க ரோடும் அங்கேயே சிக்கும். 60 பஸ், 20 விநாடி!

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
அதான் மூணு பஸ் நீளத்துக்கு இடம் விட்டுத் தள்ளி வைக்கணும். மூணு பஸ்ஸுக்கு பே போட்டா எவ்வளவு நீளம்னு நீங்களே கூட்டுங்க. 45, 18, இன்னொரு 18. 81 மீட்டர். அந்த நீளத்துல எத்தனை கடை வாசல் போகும்?

கிச்சிப்பாளையத்தான்:
கடை வாசலைப் பத்திப் பேசறவங்க, பூக்கார அம்மாவையும் மாம்பழ வண்டியையும் எங்கே வைப்பீங்க? தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல வந்தாச்சு. விற்பனைக் குழுவுல பத்துக்கு நாலு பேர் வியாபாரிங்களா இருக்கணும். உங்க ரெண்டு பேர் திட்டத்துலயும் அவங்களுக்கு ஒரு பெட்டி கூட இல்லை.

சுவர்ணபுரி வாசி:
என் படத்துல பச்சை நிறம் அதுக்குத்தான்.

தட்டுவடை செட்:
பச்சை மரம்னு நேத்து சொன்னீங்க.

ஜங்ஷன் ஜங்குபாய்:
முதல்ல இது நுழைவாயிலே இல்லை. ரயில்ல வர்றவங்களுக்கு சூரமங்கலம்தான் நுழைவாயில். ஜங்ஷன் ரோட்டைப் பத்தி இந்தக் குழுவுல ஒரு நாள் பேசினதுண்டா? அங்கே ஒரு வரவேற்பு வளைவு வைங்க.

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
வளைவு வேணும்னா அடியில ஐந்தரை மீட்டர் உயர இடைவெளி. அதுவும் இப்ப இருக்கற மட்டத்துல இருந்து இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-லயே தலைமைச் செயலர் எழுதியாச்சு. ஆனா மேல மேல 40 மி.மீ. பூசறதை யார் நிறுத்தினா? அஞ்சு தடவை பூசினா 20 செ.மீ. போச்சு, கன்டெய்னர் லாரி வளைவைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போகும்.

ஜங்ஷன் ஜங்குபாய்:
வளைவு வேண்டாம்னு நேரா சொல்லுங்க. சூரமங்கலம்னாலே உங்களுக்கு இளக்காரம்.

சுவர்ணபுரி வாசி:
பஸ் பேயோட திருத்தின படம் ஞாயித்துக்கிழமை போடறேன். ஸ்கேலோட.

செவ்வாய்ப்பேட்டை சிவில்:
1:6 சரிவோட போடுங்க. குறைச்சுப் போட்டீங்கன்னா அளந்துடுவேன்.

மாமாங்கம் மணி:
1:8 போடுங்க வாசி. 24, 15, 24.

கிச்சிப்பாளையத்தான்:
பூக்கார அம்மாவுக்கு என்ன கலர்?