பவளப்பாறை: செத்த உடல்கள் குவிந்தா கல்லாகிறது?

அகிலா:
வணக்கம். மகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். "பவளப் பூச்சிகள் இறந்து, அவற்றின் உடல்கள் படிந்து பவளப்பாறை உண்டாகிறது" என்று அவள் நோட்டில் இருக்கிறது. "செத்த மீன் அழுகித்தானே போகிறது, இந்தப் பூச்சி மட்டும் எப்படிம்மா கல்லாகும்?" என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று. வானத்திலிருந்து எடுத்த படங்களில் சில பவளத் தீவுகள் மோதிரம் மாதிரி இருக்கின்றன. நடுவில் வெறும் தண்ணீர். ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றி எப்படி இப்படி ஒரு வளையம் வந்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சுண்ணக்கல்:
உங்கள் மகளின் சந்தேகம் நியாயமானது. பவளத்தின் உடலும் அழுகித்தான் போகும். மிஞ்சுவது, உயிரோடு இருந்தபோது அது தனக்குக் கீழே கட்டிய வீடு. நோட்டில் இருக்கும் வரியை அப்படி மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

அது பூச்சியும் இல்லை. ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் நெருங்கிய சொந்தம். பாலிப் என்று பெயர். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலம்தான்: ஒரு சின்னப் பை, மேலே வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் இழைகள். பல வகைகள் பகலில் இழைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் வெறும் கல்லாகத் தெரியும். நான் முதல் தடவை இரவில் முக்குளித்தபோது, காலையில் பார்த்த அதே பவளத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அந்தக் 'கல்' முழுக்க இழைகள் விரிந்து, மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. பல வருடம் சுண்ணாம்புப் பாறைகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவன் நான். அது உயிருள்ள ஒன்று கட்டிய கட்டடம் என்பது அன்று இரவுதான் எனக்கு உறைத்தது.

கட்டும் முறை இதுதான். கடல்நீரில் கால்சியம் கரைந்திருக்கிறது, கார்பனேட்டும் இருக்கிறது. பாலிப் தன் அடித்தோலுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளிக்குள் கால்சியத்தைச் செலுத்துகிறது, அங்கிருக்கும் அமிலத் தன்மையை வெளியேற்றுகிறது. உடனே அங்கே சுண்ணாம்பு படிகமாக இறங்குகிறது. அரகோனைட் என்பது அந்தப் படிகத்தின் பெயர். அவ்வப்போது பாலிப் தன்னைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு, காலுக்கடியில் புதுத் தளம் போடும். பழைய அறை அப்படியே காலியாகக் கீழே நின்றுவிடும். பக்கத்தில் மொட்டு விட்டுத் தன்னைப் போலவே இன்னொன்றையும் உண்டாக்கும். இப்படி ஒரே ஒரு குஞ்சு வந்து ஒட்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான பாலிப்கள் சேர்ந்து ஒரு கூட்டமாகின்றன. ஆள் உயரப் பவளமாக இருந்தாலும் உயிர் இருப்பது மேல்தோலில்தான், சில மில்லிமீட்டர் கனத்துக்கு. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் முன்பு குடியிருந்து விட்டுப்போன அறைகள்.

உருண்டையாக வளரும் வகை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே நல்ல வளர்ச்சி. கிளை விடும் வகைகள் பத்து சென்டிமீட்டர் வரை போகும்.

ஆனால் பவளம் மட்டும் வளர்ந்தால் பாறை ஆகிவிடாது. இதைப் பாடத்தில் சொல்வதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. புயல் கிளைகளை ஒடிக்கிறது. கிளிமீன் பாசியைச் சுரண்டும்போது கல்லையும் சேர்த்துக் கடித்து, அரைத்து, வெள்ளை மணலாக வெளியேற்றுகிறது. துளை போடும் கடற்பஞ்சுகளும் கடல் முள்ளெலிகளும் உள்ளிருந்து குடைகின்றன. இந்த உடைசலும் மணலும் இடுக்குகளில் இறங்கி நிரம்ப, அதன்மேல் இளஞ்சிவப்புக் கல்போல் படரும் ஒரு பாசி, அதுவும் சுண்ணாம்பு சுரப்பதுதான், எல்லாவற்றையும் பூசி இறுக்குகிறது. செங்கல், ஜல்லி, கலவை என்று மூன்றும் சேர்ந்தால்தானே சுவர்? இங்கேயும் அப்படித்தான்.

வளையத்துக்கு வருகிறேன். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னவர் டார்வின், 1842-இல். வெதுவெதுப்பான கடலில் ஒரு எரிமலைத் தீவு எழும்புகிறது. அதன் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. பிறகு எரிமலை அணைந்து, தீவு மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் அமிழும் வேகத்துக்கு ஈடுகொடுத்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகிறது. தீவு சிறுத்துக்கொண்டு வர, பாறைக்கும் கரைக்கும் இடையே நீர் விரிகிறது. கடைசியில் மலை முழுதும் மறைந்துபோய் வளையம் மட்டும் நிற்கிறது. இதைத்தான் அடோல் என்கிறோம். நீங்கள் படத்தில் பார்த்த வெற்றிடத்தில் ஒரு காலத்தில் ஒரு மலை இருந்தது.

இது வெறும் ஊகமாகவே நூறு வருடங்களுக்கு மேல் இருந்தது. 1952-இல் மார்ஷல் தீவுகளில் எனிவெட்டாக் அடோலைத் துளைத்தார்கள். 1,200 மீட்டருக்கும் கீழே போன பிறகுதான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அதுவரை வந்ததெல்லாம் ஆழமில்லாத கடலில் உருவான சுண்ணாம்பு, அடியில் இருந்தது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழையது. அத்தனை காலமும் கட்டுமானம் வெளிச்சத்தை விட்டுக் கீழே போகவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

அலைவரிசை:
நல்ல விளக்கம் ஐயா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அமிழ்தல் மட்டுமே முழுக் கதை இல்லை. பனி யுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது பழைய பாறைகள் வெளியே நின்று மழையில் கரைந்தன, நடுப்பகுதி இன்னும் குழிந்தது. கடல் திரும்ப ஏறியபோது விளிம்பில் மறுபடி பவளம் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் 2,300 கிலோமீட்டர் நீளப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இன்று உயிரோடு வளரும் அடுக்கு 10,000 வருடத்துக்கும் குறைந்த வயதுதான். பழைய பாறைகளின் தலைமேல் அது உட்கார்ந்திருக்கிறது.

சுண்ணக்கல்:
சரியாகச் சொன்னீர்கள், நான் விட்டுவிட்டேன். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அகிலா:
இருவருக்கும் மிக்க நன்றி. மகளுக்கு மலை மறையும் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த கேள்வி அவளுடையது: பவளத்துக்கு எதற்கு வெளிச்சம்? அது விலங்குதானே?

சுண்ணக்கல்:
குட்டிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், விஷயத்தின் நடு முடிச்சைத் தொட்டுவிட்டாள்.

பாலிப்பின் செல்களுக்குள்ளேயே ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்து, பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. அதற்குத் தேவைப்படும் சக்தியில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைக்கலாம். பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. சுற்றியுள்ள நீரோ சத்தே இல்லாத தெளிந்த நீர். கிடைக்கும் துளிச் சத்தையும் வெளியே விடாமல் இரண்டும் தங்களுக்குள் சுற்றவிடுவதால்தான் அங்கே இவ்வளவு உயிர்கள் பிழைக்க முடிகிறது. கடல் தரையில் ஒரு சதவீதம்கூட இல்லாத இடத்தில், கடல் உயிரினங்களில் கிட்டத்தட்ட கால்வாசி ஏதோ ஒரு பருவத்திலாவது வாழ்கின்றன.

இதே கூட்டுதான் அதன் பலவீனமும். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பாசிக்குள் நச்சு உண்டாகிறது, பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் பாசியுடையது என்பதால் கண்ணாடி போன்ற தோல் வழியாக வெள்ளை எலும்பு தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறார்கள். வெளிறியது எல்லாம் செத்தது என்று நினைக்காதீர்கள். அது பட்டினி கிடக்கிறது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். 1998, 2010, 2014-17 என்று மூன்று முறை உலகளவில் நடந்தது. நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். முன்பைவிட இடைவெளி குறைந்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெரிய பவளம் ஒன்று பழைய அளவுக்கு வர, ஒரு மனித ஆயுள்கூடப் போதாமல் போகலாம்.

அலைவரிசை:
குழந்தைக்குப் பிடிக்கும், இதையும் சொல்லுங்கள். பவளக் கல்லில் மரத்தின் வளையங்கள் போல வருடக் கோடுகள் உண்டு. சில தொல்லுயிர்ப் பவளங்களில் நாள் கோடுகளும் தெரியும். 1963-இல் ஜான் வெல்ஸ் என்பவர், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலத்துப் பவளங்களில் அவற்றை எண்ணினார். ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 400 கோடுகள் வந்தன. அன்று பூமி இன்னும் வேகமாகச் சுழன்றது, ஒரு நாள் இருபத்திரண்டு மணி நேரம்தான்.

அகிலா:
400 நாள் வருடமா! அதைக் கேட்டதிலிருந்து பவளக் கல்லை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

சுண்ணக்கல்:
அருங்காட்சியகத்தில் பவள மாதிரி இருந்தால் அழைத்துப் போங்கள், ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பாலிப் இருந்த அறை. கிண்ணத்துக்குள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய சுவர்கள் ஓடும். அவற்றை எண்ணச் சொல்லுங்கள். இன்றைய கல் பவளங்களில் பெரும்பாலும் ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று ஆறின் மடங்காக வரும்.